வெயில் துடைத்த குழாய்

மெழுகைப் பற்றிப் பாடம் நடத்துகிற எண்ணம் எனக்கு இல்லை. அதை நீங்கள் படித்துவிட்டு வந்திருப்பீர்கள், என்னைவிட நன்றாகவே. விருப்ப ஓய்வு என்ற நல்ல பெயரில் நம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, காலையில் பெசன்ட் நகர் மணலில் நடந்துகொண்டிருக்கும் ஆள் நான். கால் ஓரிடத்தில் நிற்காது. ஞாபகம் அதைவிட மோசம். போன வாரம் அலையோரமாகப் போய்க்கொண்டிருந்தபோது உங்களில் ஒருவர் போன் செய்தார். "சார், நம்ம குழாய் டிரயல் ரிசல்ட் சூப்பரா வந்திருக்கு. உள்ள ஒரு பொட்டு மெழுகு இல்ல. பளபளன்னு இருக்கு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன், சத்தியமாக. ஆனால் அந்தப் "பளபள" காதில் விழுந்ததும் கடல் பின்னால் போய்விட்டது. மந்தைவெளியில் நடுத்தெருவில் சிக்கி நின்ற ஒரு வேன் முன்னால் வந்து நின்றது. அவரிடம் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. காலில் அலை பட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லக்கூடிய கதை அல்ல அது. உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கணக்கிலும் கொள்முதலிலும் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக இரண்டு வரி. பூமிக்குள்ளிருந்து வரும் கச்சா எண்ணெய் வெதுவெதுப்பாக வரும். அதற்குள் மெழுகு கரைந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களே, அந்தக் கதைதான் இங்கேயும். குழாயின் சுவர் குளிர்ந்தால் மெழுகு அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன் மேல் இன்னொன்று ஒட்டும். வெளியிலிருந்து பார்த்தால் அதே குழாய். உள்ளே நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே போகும். அதனால் அவ்வப்போது "பிக்" என்று ஒரு சுரண்டியை உள்ளே விட்டு, எண்ணெயை வைத்தே தள்ளி, சுவரை வழித்தெடுப்பார்கள். நாங்கள் செய்ய முயன்றது வேறு வழி. குழாயின் உட்சுவருக்கே ஒரு பூச்சு. மெழுகு வந்து உட்காரும்போது பிடிமானம் கிடைக்காத மாதிரி வழவழப்பான ஒரு பூச்சு.

அந்தப் பூச்சைக் கண்டுபிடித்தவர் நசீமா. லஸ் பக்கத்துச் சந்தில் இருந்த எங்கள் பழைய ஆய்வுக்கூடத்தை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். கீழே பெயின்ட் டிரம்கள், மேலே எங்கள் மேசைகள், ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ரசவாசனை. நசீமாவின் குடும்பம் மீர்சாகிப்பேட்டையில் மூன்று தலைமுறையாகப் பெயின்ட் கடை வைத்திருந்தது. வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அவருடைய அப்பா, "ஏம்மா, உன் பெயின்ட்ட யாருமே பாக்க முடியாத எடத்துலயா அடிப்பே?" என்று கேட்பாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். டிரயல்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பூச்சு அவருடையது, அதைச் சோதித்து இது தேறும், தேறாது என்று சொல்வது என்னுடையது. எங்கள் இருவருக்கும் இருந்த நட்பு, பரீட்சை எழுதுகிறவருக்கும் திருத்துகிறவருக்கும் இருக்கக்கூடிய நட்புதான். அதிலும் மதியச் சாப்பாட்டைப் பங்குபோட்டுக்கொள்ள முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

நிர்வாகம் கடைசியாக ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. இந்த டிரயலைப் பார்த்து எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சரி என்றால் பூச்சு வேலை தொடரும். இல்லையென்றால் பிரிவை மூடிவிட்டு, நசீமாவையும் அவரோடு இருந்த மூவரையும் கலைத்துப் போடுவார்கள். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. லிஃப்டில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

டிரயல் எளிமையானது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு குழாய்த் துண்டு. அதன் உட்புறம் பாதிக்கு நசீமாவின் பூச்சு, மறுபாதி வெறும் இரும்பு. ஒரே குழாய், ஒரே எண்ணெய், ஒரே குளிர். எந்தப் பாதியில் எவ்வளவு மெழுகு என்று பார்த்தால் போதும். காவிரிப் படுகையில், பாசனக் கால்வாய்க்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிற இடத்தில் அதைப் பொருத்தினோம். மேலே தண்ணீர் ஓடுவதால் மண் குளிர்ந்து கிடக்கும். மெழுகுக்கு அதைவிடச் சொகுசான வீடு கிடையாது. ஒரு சாகுபடிக் காலம் முழுக்க அது அங்கே கிடந்தது. பிறகு ஷட்டவுன் வந்தது, பராமரிப்புக்காக எண்ணெய் ஓட்டத்தை நிறுத்துகிற நாட்கள். துண்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் மூடி போட்டு, சென்னைக்கு அனுப்பச் சொன்னோம். சாயங்காலம் எண்ணெய்க் கம்பெனிக் குழு வரும், அவர்கள் முன்னிலையில் மூடியைத் திறப்பது என்று ஏற்பாடு.

ஷட்டவுன் தேதியைப் பார்த்தோமே தவிர, பஞ்சாங்கத்தை யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கு மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா, நாயன்மார்கள் எல்லோரும் வீதிக்கு வரும் நாள்.

மத்தியானம் போன் வந்தது. வேன் ஓட்டிவந்த ஏழுமலை.

"சார், நான் மந்தவெளி தாண்டி வந்துகினே இருந்தேன் சார். மேப்பு இப்டித்தான் போக சொல்லிச்சு. இங்க பார்த்தா ஒரு பக்கம் மெட்ரோக்காரன் தகரம் அடிச்சு வெச்சிருக்கான், இன்னொரு பக்கம் போலீஸ்காரன் கயிறு கட்டிட்டான். பின்னாடி ஜனம். இன்னா சார் பண்றது?"

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

"அது கீது சார், ரொம்ப நேரமா. ஏசி வேற வேலை செய்யல. நானே உருகிக்கினு இருக்கேன்."

அவர் அதை விளையாட்டாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நசீமாவின் முகம் அந்த ஒரு சொல்லில் மாறிப்போனதை நான் பார்த்தேன். "சார், குழாய் எப்படி வந்திருக்கு? கேளுங்க. மேல என்ன போட்டிருக்காங்க?"

"கறுப்பு தார்பாய் சார். நல்லா சுத்தி கட்டிக்கீறாங்க" என்றார் ஏழுமலை.

உடனே படுகைக்குப் போன் போட்டேன். அங்கே குழாய் வேலையெல்லாம் பார்க்கும் ஃபோர்மேன், பதறாத மனிதர், வாஞ்சையானவர். "நல்லா வெச்சுத்தான் சார் அனுப்புனோம். நேத்து காலையில கழட்டுனதும் ரெண்டு மணி நேரம் வெயில்ல போட்டு வெச்சோம். அப்புறம் தார்பாய் சுத்தி, இன்னிக்கு விடியக்காலம் ஏத்துனோம். குளிர்ல வெறச்சுப் போயி, வண்டி குலுக்கல்ல மெழுகு ஒடஞ்சு உதுந்துடக் கூடாதுல்ல?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்றும் வராது. நம் தொழிலில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே எதிரி, குளிர்தான். படுகையில் காலையில் முதல் வேலையே சாம்பிள் டின்களை வெயிலில் பரப்புவதுதான், வடாம் காயப்போடுகிற மாதிரி வரிசையாக. வால்வு இறுகினால் வெயில், பம்ப் முனகினால் வெயில். வாழ்நாள் முழுக்க மெழுகு உறையாமல் பார்த்துக்கொண்டவர்களிடம் ஒரே ஒரு நாள் மட்டும் மெழுகை உருகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாங்கள் அனுப்பிய குறிப்பில் எல்லாம் இருந்தது. மூடி எப்படிப் போடவேண்டும், எந்தப் பக்கம் அம்புக்குறி, எல்லாம். வெயிலைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. வெயில் நமக்கு அவ்வளவு வேண்டப்பட்டவராக இருந்துவிட்டார்.

நடந்தோம். வேறு வழியில்லை. சந்து சந்தாகப் புகுந்து, நீர்மோர்ப் பந்தல்களையும் புளியோதரை வரிசைகளையும் தாண்டி, வருகிற கூட்டத்துக்கு எதிர்த்திசையில். நசீமாவுக்கு நோன்பு. உச்சிவெயிலில் என்னைவிட வேகமாக நடந்தார். ஒவ்வொரு பந்தலிலும் யாராவது ஒரு டம்ளரை நீட்டுவார்கள். அவர் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

வேனைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஒரு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஏழுமலையை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, உன் வண்டிலேர்ந்து என்னமோ ஒழுகிண்டே இருக்கு, பாத்தியோ? காலம்பற போட்ட கோலம் எங்காத்து மாட்டுப்பொண்ணோடது. அதுல வந்து சொட்டறது பாரு!"

"ஒழுகலை நைனா, அது வண்டி வேர்வை" என்றார் ஏழுமலை.

வேனின் முன்சக்கரம் மெட்ரோ வேலைக்காகப் போட்டிருந்த இரும்புத் தகட்டின்மேல் ஏறி நின்றிருந்தது. வண்டியின் மூக்கு மேலே, வால் கீழே. கீழ்ப்பக்க மூடியின் விளிம்பிலிருந்து கருப்பும் பழுப்புமாக ஒரு சொட்டு இழுபட்டு, தயங்கி, கோலத்தின் மேல் விழுந்தது. நசீமா தார்பாயை விலக்கிக் குழாயில் கையை வைத்தார். எடுத்தார். தோசைக்கல்லைத் தொட்டவர் எடுக்கிற வேகம்.

"பூச்சுப் பக்கம் எது?" என்றேன். எனக்கே தெரியும். அம்புக்குறியை நான்தான் போட்டிருந்தேன்.

"மேல இருக்கிற பக்கம்" என்றார்.

அங்கேயே எங்கள் இருவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று மூடியைத் திறக்காமலே பார்க்க முடிந்தது. மேட்டுப்பக்கம் வழவழப்பான பூச்சு. சுவரோடு ஒட்டியிருந்த மெழுகு சூட்டில் இளகியதும் அதில் நிற்க முடியாமல் வழுக்கி, பள்ளத்துப் பக்கம், வெறும் இரும்புப் பாதிக்கு ஓடியிருக்கும். இப்போது திறந்தால் பூச்சுப் பாதி கழுவிவிட்ட மாதிரி இருக்கும். இரும்புப் பாதி இரண்டு பங்கு மெழுகைச் சுமந்துகொண்டிருக்கும். எந்த ஆய்வுக்கூடமும் கனவில்கூடக் காணாத ரிசல்ட்.

இதில் ஒரு கொடுமை உண்டு, கவனித்தீர்களா? விபத்து நம் பக்கம் பேசியது. டிரயல் கெட்டுப்போகும் என்று எல்லோரும் பயப்படுவார்கள், அதற்குத் தயாராகவும் இருப்பார்கள். டிரயல் நமக்குச் சாதகமாகக் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தந்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் மிச்சமிருப்பது உருகுவதை நிறுத்தவேண்டும். பக்கத்துப் பந்தலில் கோணிக்குள் ஐஸ் பாளங்கள். பந்தல் போட்டிருந்தவர் திநகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். வருஷாவருஷம் அவருடைய பந்தல்தானாம். நான் தட்டுத்தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"எண்ணெய்க் குழாய்க்கு ஐசு வைக்கணும், அவ்வளவுதான? காய்ச்சல் கண்டிருக்கோ? எடுத்துக்கிடுங்க. மோரு கொஞ்சம் சூடா குடிச்சா ஒண்ணும் செத்துற மாட்டாங்க." பிறகு நசீமாவைப் பார்த்தார். "நீங்க ஒரு டம்ளர் குடிங்கம்மா, முகமெல்லாம் வாடிப்போய்க் கெடக்கு."

"நோன்பு, அண்ணாச்சி."

"அடடா. அப்ப சாயங்காலம் வாங்க, ஒரு சொம்பு தனியா எடுத்து வைக்கேன். மோரு நம்மகிட்ட எங்கயும் ஓடிராது."

வேன் நகர வழியில்லை. அண்ணாச்சியே ஐஸ் ஏற்றிவந்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியைக் கொடுத்தார். ஏழுமலையும் பந்தல் ஆட்கள் இரண்டு பேருமாகக் குழாயைத் தூக்கிக் கோணிமேல் படுக்கவைத்து, சுற்றிலும் ஐஸ் அடுக்கி, மேலே இன்னொரு ஈரக்கோணியைப் போர்த்தினார்கள். "சாய்க்காதீங்க, மட்டமா, மட்டமா" என்று நசீமா சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டம் வழிவிட்டது. தண்ணீர் சொட்டச் சொட்ட, போர்த்திய உருவம் ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்தால் அன்றைக்கு மயிலாப்பூரில் யார்தான் வழிவிடமாட்டார்கள்? ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது இன்னா சாமிபா?" என்று யாரோ கேட்க, "அறுபத்துநாலாவது" என்றார் ஏழுமலை, வண்டியை மிதித்துக்கொண்டே.

சிரித்தேன். இப்போது எழுதும்போதும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு பாறாங்கல் கிடந்தது. சந்துக்குள் திரும்பியதும் நசீமா நின்றார். வண்டி முன்னே போனது.

"சார், இதைச் சொல்லிடணும்."

"நீங்க சொல்லுங்க. உங்க பூச்சு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"இல்ல. நான் சொன்னா தன்னடக்கம்னு நெனப்பாங்க. அந்தம்மாவுக்கு ரொம்ப நல்ல மனசுன்னு சொல்லிட்டு ஓகே பண்ணிடுவாங்க. டிரயல் உங்களோடது. நீங்க சொன்னாத்தான் அது ரிசல்ட்."

"என்ன சொல்றோம்னு தெரியுதா உங்களுக்கு? அப்புறம் உங்க பிரிவு?"

"தெரியும்." துப்பட்டாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவங்க கேட்டா சொல்லலாம்னு மட்டும் இருக்காதீங்க சார். கேட்க மாட்டாங்க. நல்ல ரிசல்ட்ட யாரும் கேள்வி கேக்கறதில்ல."

சாயங்காலம் குழு வந்தது. ராயப்பேட்டைப் பக்கமாக வந்ததால் கூட்டத்தில் சிக்கவில்லை. மூன்று பேர். இருவர் அதிகம் பேசவில்லை. தலைவர் நந்தனம் அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்தவர். வெள்ளைச்சட்டை, கிரிக்கெட் பைத்தியம், எதையும் ஸ்கோர்போர்டு மாதிரி இரண்டு வரியில் கேட்கிறவர். மூடிகளைத் திறந்தோம். அவர் டார்ச்சை வாங்கிக் குனிந்து பூச்சுப் பக்கம் பார்த்தார். பச்சைப் பூச்சு, பண்டிகைக்குத் துடைத்துவைத்த மாதிரி மின்னியது. மறுபக்கம் போனார். பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஃபென்டாஸ்டிக்! மேடம், இதுக்கு மேல என்ன வேணும்? இன்னிங்ஸ் வெற்றி. அடுத்த ஷட்டவுன்ல எல்லாக் கால்வாய்க் குழாய்க்கும் இதையே போட்டுடலாம். பிக் ஓட்டற செலவும் மிச்சம்." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அறையில் ஒரு நிம்மதி பரவியது. நசீமாவோடு வேலைபார்த்த மூவரும் கதவோரம் நின்றிருந்தார்கள். அவர்கள் முகங்களை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்துவிட்டேன்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். நெருக்கடி என்றால் சைரன் ஒலிக்கும், ஓடவேண்டும், கத்தவேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். நான் பார்த்த பெரிய நெருக்கடி இப்படித்தான் இருந்தது. எல்லோரும் புன்னகைத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ காபி சொல்லப் போனார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ஒரு பொய்யும் சொல்லவேண்டியதில்லை. நசீமா என்னைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. தேர்வுத்தாளைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பார்வை.

"சார், ஒரு நிமிஷம். இதை ரிசல்ட்டா எடுத்துக்க முடியாது."

"புரியல."

டார்ச்சை வாங்கி இரும்புப் பக்கம் அடித்துக் காட்டினேன். "குழாய்க்குள்ள உறையற மெழுகு வளையமா உக்காரும் சார். மேல, கீழ, பக்கத்துல, சுத்தியும். இது பாருங்க. கீழ மட்டும் கெடக்கு. மேல்மட்டம் சமமா இருக்கு, ஆறிப்போன பாயசம் மாதிரி. இது இங்க உறைஞ்சது இல்ல. வர்ற வழியில வெயில்ல உருகி ஓடி வந்தது. எங்கேருந்துன்னா, அந்தப் பச்சைப் பக்கத்துலேருந்து. அங்க எவ்வளவு இருந்ததுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. ஒருவேளை நெறையவே இருந்திருக்கலாம்."

காபி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"ஜெயிச்ச மேட்ச்சுல அம்பயர்கிட்ட ஓடிப்போய் எங்காளு அவுட்டுன்னு சொல்றீங்க" என்றார் அவர். குரலில் கிண்டலைவிட எரிச்சல்தான் அதிகம். "சொல்லலைன்னா நான் இன்னிக்கே ஓகே சொல்லியிருப்பேன், தெரியுமில்ல?"

"தெரியும் சார். நீங்க ஓகே சொன்னா படுகையில பிக் ஓட்டறதக் குறைச்சிடுவாங்க, இந்தப் பளபளப்ப நம்பி. அப்புறம் ஒருநாள் கால்வாய்க்கு அடியில குழாய் அடைச்சுக்கும். வயல் தண்ணிய நிறுத்தி, தோண்டி எடுக்கணும். தோண்டறது உங்காளுங்கதான்."

அவர் நசீமாவைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? உங்க பெயின்ட்டத்தான் இவர் கொல்றாரு."

"அவரைச் சொல்லச் சொன்னதே நான்தான் சார்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பைத்தியமா?" என்று எழுந்தார். "அடுத்த ஷட்டவுன் அடுத்த அறுவடைக்கு அப்புறம்தான். இன்னொரு துண்டு போட்டுத் தர்றேன். அதுவரைக்கும் உங்க நிர்வாகம் இந்தப் பிரிவை வெச்சிருக்குமா?"

"தெரியாது சார்" என்றார் நசீமா.

வைத்திருக்கவில்லை. முழுதாக மூடவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் நிர்வாகங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. மூவரை வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். நசீமாவைத் திநகரில் எங்கள் கம்பெனியின் சுவர்ப் பெயின்ட் ஷோரூமில் உட்காரவைத்தார்கள், இரண்டாவது துண்டு வரும்வரை என்ற பேச்சோடு. மாம்பலம் ரயிலில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்தி, தினமும் போனார். புதுவீடு கட்டுகிறவர்களுக்குக் கிளிப்பச்சைக்கும் வாழைக்குருத்துப் பச்சைக்கும் வித்தியாசம் சொன்னார். நான் ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். நின்ற இடத்திலேயே சமோசாவைப் பிட்டுப் பாதியை என்னிடம் நீட்டினார். "இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க சார். சுவர்ல குழந்தை கிரேயான்ல கிறுக்கினா ஒட்டாத பெயின்ட் இருக்கான்னு கேட்டாங்க. கிரேயானும் மெழுகுதான். என் தலையெழுத்தப் பாத்தீங்களா?"

சிரித்தோம். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அந்தப் பாதி சமோசா இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தேன். அவரிடம் ஒரு சொல் கேட்கவேண்டும் என்று போயிருந்தேன், வருத்தமா என்று. கேட்கவில்லை. அவரும் அதற்கு இடம் வைக்கவில்லை.

அறுவடை முடிந்தது. இரண்டாவது துண்டு வந்தது. இந்தமுறை ஃபோர்மேன் தானே கூட வந்தார். விடியற்காலையில் வந்து இறங்கினார். குழாய் ஈரச்சாக்குக்குள், மட்டமாக, வைக்கோல்மேல். வழிநெடுக நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் தெளித்தாராம். "பச்சப்புள்ளைய கொண்டாந்தமாதிரி கொண்டாந்திருக்கேன் சார், தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். கிணற்றடிக் கல் மாதிரி ஜில்லென்று இருந்தது. நசீமா ஷோரூமில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்தார். குழுத்தலைவர் இந்தத் தடவை தனியாக வந்தார்.

மூடியைத் திறந்தோம். டார்ச் அடித்தேன்.

பூச்சுப் பக்கம் பச்சையே தெரியவில்லை. சுற்றிலும் வளையமாக, மங்கலாக, பழுப்பு மெழுகு. இரும்புப் பக்கத்தைவிடக் கொஞ்சம் மெல்லியதாக இருந்தது, அவ்வளவுதான். பளபளப்பு எங்கேயும் இல்லை.

"அன்னிக்குப் பார்த்த மாதிரி இல்லையே" என்றார் தலைவர்.

"இல்ல சார்" என்றார் நசீமா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தது பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் தெரிந்தது. "மெழுகே வராதுன்னு நான் எப்பவும் சொல்லல. வந்தா பிடிச்சு நிக்காதுன்னுதான் சொன்னேன். தொட்டுப் பாருங்க."

வெள்ளைச்சட்டைக்காரர் தயங்கினார். பிறகு மணிக்கட்டுப் பொத்தானைக் கழற்றி, சட்டைக்கையை மடித்து, பூச்சுப் பக்கம் வலதுகை ஆள்காட்டி விரலை விட்டார். ஒரே ஒரு இழுப்பு. காய்ச்சிய பாலின் மேலாடை வருகிற மாதிரி மெழுகு முழுதாகச் சுருண்டு விரலோடு வந்தது. அது இருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, பச்சை. குழாயைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் இடதுகை விரலை விட்டார். இழுத்தார். வரவில்லை. நகத்தைக் கொடுத்துச் சுரண்டினார். நகத்துக்குள் கொஞ்சம் போனதே தவிர, அடியிலிருந்த இரும்பு தெரியவில்லை.

வலதுகை விரலைக் கைக்குட்டையில் ஒரு தடவை துடைத்தார். சுத்தமாகிவிட்டது. இடதுகை விரலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "பிக் ஓட்டறத நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனா இரும்பு பிளேடு வேணாம், ரப்பரே போதும்போல" என்றார். கதவுவரை போய்த் திரும்பினார். "கால்வாய்க் குழாய்க்கெல்லாம் பூசிடுங்க. உங்க நிர்வாகத்துகிட்ட நான் பேசறேன். இவங்களை அந்தக் கடையிலேருந்து முதல்ல கூப்பிட்டுக்கோங்க."

அவர் இறங்கிப்போனார். நசீமா ஜன்னலோரம் போனார். நானும் போனேன். கீழே சந்தில் தலைவர் காரில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தார். கார்ச்சாவியின் முனையால் இடதுகை நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கையை உதறினார், பார்த்தார், மறுபடி சுரண்டினார். டிரைவர் ஒரு துணியை நீட்டினார். அதனாலும் ஆகவில்லை.

"கூப்பிட்டு மண்ணெண்ணெய் தரலாமா?" என்றேன்.

நசீமா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது.

"வேணாம் சார்" என்றார். "சுரண்டட்டும். நல்லா சுரண்டட்டும்."